உதட்டில் படாமல்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களிடம் ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்மை யாரும் பெரிதாக மதிக்க மாட்டார்கள். அறுவை சிகிச்சை செய்தவரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற அதே குடும்பம், நம்மைப் பார்த்ததும் "சாப்பாட்டு மேடம் வந்தாச்சு" என்று சொல்லிவிட்டுத் திரும்பப் போனை நோண்ட ஆரம்பித்துவிடும். கோபப்படாதீர்கள். நான் பட்டுப் பார்த்தேன். என் ரத்த அழுத்தம் ஏறியதுதான் மிச்சம்.

திருச்சியில் ஒரு மருத்துவமனையில், வாய், தாடை அறுவை சிகிச்சைப் பிரிவில் டயட்டீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். நான் சேர்ந்தபோது அங்கே அச்சடித்த தாள் ஒன்று இருந்தது. வாயில் அறுவை சிகிச்சை முடிந்தவர்கள் சாப்பிட வேண்டிய மென்மையான உணவுகள் என்று தலைப்பு. முதல் உணவு அவகாடோ, இரண்டாவது ஸ்மூத்தி. எந்த ஊர்த் தாளை எவர் பார்த்து எழுதினாரோ தெரியாது. பாலக்கரையில் பழைய இரும்புக் கடை வைத்திருந்த ஒருவர் தாடை வீக்கத்தோடு அதைப் படித்துவிட்டு, "இது எந்தக் கடைல கிடைக்கும்ங்க? மருந்துக் கடையிலயா?" என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. அன்றோடு அந்தத் தாளைக் கடாசிவிட்டு நொய்க் கஞ்சி, குழைய வெந்த பாசிப்பருப்பு, பாலில் கரைத்த இட்லி, ராகிக் கூழ், நீர் மோர், மசித்த வாழைப்பழம் என்று வாயாலேயே சொல்ல ஆரம்பித்தேன். காரம் கூடாது, புளி கூடாது, கொதிக்கக் கொதிக்கக் கூடாது. இதெல்லாம் உங்களுக்குப் படிப்பிலேயே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நான் சொல்ல வந்தது, இவ்வளவும் சரியாகச் சொன்ன பிறகும் ஒருத்தர் பட்டினி கிடந்த கதையை.

அவர் பெயர் கோமளா. ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதி ஒன்றில் வீடு. அறுபதைத் தாண்டியவர். ஆசாரமான வைஷ்ணவக் குடும்பம். கணவர் சம்பத் ரயில்வே ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிள்ளை குட்டி கிடையாது. மாமியின் நாக்கு ஓரத்தில் வந்த புண் ஆறாமல் இருந்து, சோதித்துப் பார்த்தபோது புற்றுநோய் என்று தெரிந்தது. வெற்றிலைகூடப் போடாத வாய். நாக்கில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, முன்கையிலிருந்து சதை எடுத்து அந்த இடத்தில் ஒட்டியிருந்தார்கள்.

அறுவை சிகிச்சை நன்றாகவே முடிந்தது. மூக்கு வழியாகப் போட்டிருந்த குழாயை எடுத்த பிறகு நானே பக்கத்தில் நின்று கஞ்சி கொடுத்துப் பார்த்தேன். நிமிர்ந்து உட்கார்ந்து, முகவாயைச் சற்றுத் தாழ்த்தி, சிறிய ஸ்பூனில் கொஞ்சம் கொஞ்சமாக. இருமல் இல்லை, புரை ஏறவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இப்படியே கொடுங்கள் என்று சொல்லி அனுப்பினோம். வாய் பேசினால் குழறும் என்பதால் மாமி சொல்வதை சம்பத் சார்தான் எங்களுக்குத் திருப்பிச் சொல்வார். "மறக்காம எல்லாம் பண்ணிடறேன்ங்கறா" என்றார். ஆட்டோவில் ஏறும்போது மாமி என்னைப் பார்த்துக் கை கூப்பினார்.

அடுத்து கதிர்வீச்சு சிகிச்சை. அதைச் சில வாரங்களுக்குள் ஆரம்பித்தாக வேண்டும். தள்ளிப்போட்டால் அறுத்த இடத்திலேயே நோய் திரும்ப வரலாம். ஆனால் உடம்பில் வலு இல்லாதவரைக் கொண்டுபோய் அந்த மெஷினுக்கு அடியில் படுக்க வைக்க முடியாது. ஆகவே அந்த இடைவெளியில் எடை குறையாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. குறைந்தால் வயிற்றில் துளை போட்டு நேராக இரைப்பைக்குள் குழாய் வைக்க வேண்டும். மாமி அது மட்டும் வேண்டவே வேண்டாம் என்று அறுவை சிகிச்சைக்கு முன்பே சொல்லியிருந்தார்.

முதல் தடவை பரிசோதனைக்கு வந்தபோதே எடை இறங்கியிருந்தது. இரண்டாவது தடவை வந்தபோது ரவிக்கை தோளில் நிற்கவில்லை. சம்பத் சார் பாவம், அழாத குறை.

"கஞ்சி பண்ணினேன், பருப்பு மசிச்சுக் குடுத்தேன், பாதாம் அரைச்சுப் பால்ல விட்டேன். ரெண்டு வாய் போறது, உடனே இருமல். போறும்னு வெச்சுடறா. என்ன மேடம் பண்றது?"

நாங்கள் என்ன செய்தோம்? உணவை மாற்றினோம். கஞ்சி நீர்க்க இருக்கிறதோ என்று கெட்டியாக்கினோம். கெட்டியாக இருக்கிறதோ என்று நீர்க்க விட்டோம். பால் சளி கட்டுகிறதோ என்று மோருக்குப் போனோம். மோர் புளிக்கிறதோ என்று இளநீருக்குப் போனோம். விசித்திரம் என்னவென்றால், மருத்துவமனையில் என் எதிரே உட்கார்த்தி ஸ்பூனில் கொடுத்தால் அதே கஞ்சி ஒரு பிரச்சினையும் இல்லாமல் இறங்கியது. விழுங்கும் பயிற்சி தருகிறவர் சோதித்துப் பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். மனநல ஆலோசகரை அழைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். பிடிவாதம் என்று இன்னொருவர் சொன்னார்.

எங்கள் தலைமை அறுவை மருத்துவருக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. கை சுத்தம், வாய் கரடு. மாமியின் எடையைப் பார்த்தவர், "திங்கக்கிழமை வயித்துல குழாய் போட்டுடலாம்" என்றார்.

மாமி தலையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னார். எச்சில் ஒழுகி முந்தானையில் விழுந்தது. அதை அவசர அவசரமாகத் துடைத்துக்கொண்டே மறுபடியும் சொன்னார்.

"அது வேண்டாம்ங்கறா டாக்டர். வயத்துல ஓட்டை போட்டுண்டு ஆத்துக்குள்ள எப்படி நடமாடறதுன்னு கேக்கறா" என்றார் சம்பத் சார்.

"நடமாடறதுக்கு உயிரோட இருக்கணுமில்ல?" என்றார் டாக்டர்.

அவர் சொன்னதில் தப்பு இல்லை. சொன்ன விதம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. திங்கட்கிழமை வரைக்கும் எனக்கு நேரம் கொடுங்கள் என்று கேட்டேன். "அதுவரைக்கும் என்ன பண்ணப் போறீங்க, இன்னொரு கஞ்சியா?" என்றார். எனக்கும் என்ன செய்யப் போகிறேன் என்று தெரியவில்லை. கஞ்சியில் மாற்றுவதற்கு இனி எதுவும் பாக்கியில்லை என்பது மட்டும் தெரிந்தது.

சனிக்கிழமை மதியம் கே.கே. நகரிலிருந்து பஸ் பிடித்து, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் மாறி, ஸ்ரீரங்கம் போய்ச் சேர்ந்தேன். சாப்பிடும் நேரமாகப் பார்த்துத்தான் போனேன். சம்பத் சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்படியில் நின்றிருந்தார். மாமி அடுப்படிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவளுக்கு ஓயாம வாயில நீர் வடியறதோன்னோ, அதனால உள்ள வரமாட்டேங்கறா. தளிகை நான்தான்" என்றார் அவர். அவர்கள் வீட்டில் சமையலைத் தளிகை என்பார்கள். பெருமாளுக்குப் படைத்த பிறகுதான் அவர்கள் சாப்பிடுவது.

மாமி கை அலம்பிக்கொண்டு கிழக்கே பார்த்து உட்கார்ந்தார். சம்பத் சார் டம்ளரில் ஆறின கஞ்சியைக் கொண்டுவந்து வைத்தார். மாமி டம்ளரை எடுத்தார். தலையை நன்றாகப் பின்னால் சாய்த்தார். டம்ளரை முகத்துக்கு மேலே தூக்கி, உதட்டில் படாமல், வாய்க்குள் ஊற்றிக்கொண்டார்.

இருமல் வந்தது. கண் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. சமாளித்துக்கொண்டு இன்னொரு தடவை ஊற்றிக்கொண்டார். மறுபடியும் இருமல். டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

உங்களுக்குத் தெரியும், சிலருக்கு அண்ணாந்தால் விழுங்குவது சுலபமாக இருக்கும். மாமிக்கு வெட்டு நாக்கின் பின்பக்கம் வரை போயிருந்தது. அண்ணாந்து ஊற்றினால் நாக்கு பிடித்து நிறுத்துவதற்குள் கஞ்சி தொண்டைக்குள் பாய்ந்துவிடும். அதனால்தான் குனிந்து சாப்பிடச் சொன்னோம்.

"ஆஸ்பத்திரியில ஸ்பூன்லதானே மாமி சாப்பிட்டீங்க? இங்க என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

மாமி நீளமாக ஏதோ சொன்னார். சம்பத் சார் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ஆஸ்பத்திரி வேறங்கறா. அங்க எல்லாம் ஒண்ணுதான், திரும்பி வந்து தலைக்குத் தீர்த்தமாடிட்டா தீந்துபோச்சு. ஆத்துல எப்படி முடியும்? ஸ்பூன் உதட்டுல பட்டா எச்சில். வேளைக்கு ஒரு தரம் உக்காந்து சாப்பிட்டு, கை அலம்பி, வாய் கொப்பளிச்சு எழுந்துண்டா சரி. நீங்க சொல்ற மாதிரி ரெண்டு மணிக்கொரு தரம் எச்சில் பண்ணிண்டா, நாள் பூரா எதையும் தொட முடியாதுங்கறா. பெருமாள் அலமாரியைத் திறக்க முடியாது. தூக்கிக் குடிச்சா அந்தக் கஷ்டம் இல்லைங்கறா."

அண்ணாந்து குடிக்கிற பழக்கம் நம் வீடுகளிலும் உண்டு. நமக்கு அது வெறும் பழக்கம். தவறி உதட்டில் பட்டால் துடைத்துக்கொண்டு போய்விடுவோம். மாமிக்கு அது அப்படி இல்லை. சமையலறையை நோய் ஏற்கெனவே பிடுங்கிக்கொண்டது. மிச்சம் இருந்தது அந்தப் பெருமாள் அலமாரி ஒன்றுதான். எங்கள் பேச்சைக் கேட்டிருந்தால் அதுவும் போயிருக்கும்.

என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது: உயிர் பெரிசா, ஆசாரம் பெரிசா? சம்பத் சாரின் முகத்தைப் பார்த்தேன். அவர் அந்தக் கேள்வியை எத்தனையோ தரம் கேட்டுத் தோற்றுப் போனவர் என்று அந்த முகமே சொன்னது. நானும் கேட்டால் மாமி சரி சரி என்று தலையாட்டுவார். நான் பஸ் ஏறியதும் மறுபடி டம்ளரைத் தூக்குவார். இந்த மாதிரி சமயத்தில் வாயை மூடிக்கொண்டு யோசியுங்கள். எது ஆபத்து, எது வெறும் நம் எரிச்சல் என்று பிரித்துப் பாருங்கள். அண்ணாந்ததுதான் ஆபத்து. உதட்டில் படாததில் ஓர் ஆபத்தும் இல்லை.

"மாமி, தலையைக் குனிஞ்சே வெச்சுக்குங்க. சார் மெல்ல ஊத்தட்டும். உதட்டுல படாது. அப்ப சரியா?" என்றேன்.

மாமி யோசித்தார். தலையாட்டினார். ஆனால் டம்ளரிலிருந்து ஊற்றினால் முகவாயெல்லாம் வழிந்தது. கரண்டியில் அளவு நிற்கவில்லை. மூக்கு நீண்ட சின்னப் பாத்திரம் வேண்டும். குழந்தைக்குப் பால் புகட்டுகிற பாலாடை மாதிரி. நான் அதைச் சொன்னதும் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிள்ளை இல்லாத வீட்டில் பாலாடைக்கு எங்கே போவது? அதைச் சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது.

சம்பத் சார் சட்டையை மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார். வெகு நேரம் கழித்து வெள்ளிப் பாலாடையோடு வந்தார். அதைத் தேய்த்து அலம்பி, கஞ்சியை வடிகட்டி ஊற்றி, மனைவியின் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். மாமி முகவாயைத் தாழ்த்தி வாயைத் திறந்தார். பாலாடையின் மூக்கைக் கீழுதட்டுக்கு மேலே ஓர் அங்குலம் தள்ளிப் பிடித்து, அவர் ஒரே ஒரு இழை விட்டார். மாமி கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். இருமல் வரவில்லை. இன்னொரு இழை. அதுவும் இறங்கியது. ஒரு டம்ளர் கஞ்சி உள்ளே போக மதியம் முழுக்க ஆயிற்று. சம்பத் சார் அவ்வப்போது தோளை உதறிக்கொண்டார். இடையில் நான் வாங்கி ஊற்றுகிறேன் என்றேன். வேண்டாம் என்றார்.

கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்தார். "கடைக்காரன் பேரனா பேத்தியான்னு கேட்டான். பேரன்னு சொல்லிட்டேன்" என்றார். போயிட்டு வரேன் சார் என்று சொல்லிவிட்டு நடந்தேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரப் பெண் பார்க்கிறாளே என்றுகூட நினைக்காமல் அழுதேன்.

திங்கட்கிழமை எடை குறையவில்லை. டாக்டர் தராசை ஒரு தரம் தட்டிப் பார்த்துவிட்டு, "சரி, அடுத்த வாரம் பாப்போம்" என்றார். அடுத்த வாரம் கொஞ்சம் ஏறியது. கதிர்வீச்சு தள்ளிப்போகாமல் ஆரம்பித்தது. நான் தலைகால் புரியாமல் திரிந்தேன். பார்த்தவர்களிடமெல்லாம் பாலாடைக் கதையைச் சொன்னேன்.

கதை அங்கே முடிந்திருந்தால் நானும் மேடை போட்டுச் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பேன். கதிர்வீச்சு பாதி நடக்கும்போது வாய்க்குள் தோல் உரிய ஆரம்பித்தது. உப்பில்லாத கஞ்சியே நெருப்பாக எரிந்தது. தண்ணீர் ஒரு சொட்டுப் பட்டாலும் மாமி நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். அப்படியும் சம்பத் சார் பாலாடையைக் கொண்டுவந்தால் வாயைத் திறப்பார். பிறகு காய்ச்சல் வந்தது. விழுங்கியது நுரையீரலுக்குள் போயிருந்தது. கதிர்வீச்சை நிறுத்தி வைத்துவிட்டு வயிற்றில் குழாய் போட்டார்கள். டாக்டர் என்னை ஒரு வார்த்தைகூடக் கடிந்துகொள்ளவில்லை. கடிந்துகொண்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

குழாய் போட்ட அன்று மாமி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். கூப்பிட்டேன், திரும்பவில்லை. வராந்தாவில் சம்பத் சார் கேட்டார்: "இனிமே வாயால சாப்பிடவே மாட்டாளா மேடம்?" பார்க்கலாம் சார் என்றேன். அந்த வார்த்தையை நீங்களும் சொல்லத்தான் போகிறீர்கள். சொல்லும்போது அவர்கள் கண்ணைப் பார்க்க முடியாது; அதற்கும் தயாராக இருங்கள்.

கதிர்வீச்சை மறுபடி தொடங்கி முடித்தார்கள். நோய் திரும்ப வரவில்லை. விழுங்கும் சக்தியும் திரும்ப வரவில்லை. தொண்டைத் தசை இறுகி மரத்துப்போயிற்று. எத்தனையோ பயிற்சி கொடுத்தும் ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை. எனக்கு அது தாங்க முடியாத தோல்வியாக இருந்தது. அவர்கள் பரிசோதனைக்கு வருகிற நாட்களில் அந்தப் பக்கம் போகாமல் இருக்க ஏதாவது சாக்கு தேடினேன்.

நான் ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் சம்பத் சார் போன் செய்தார். "ஒரு நாள் ஆத்துக்கு வரணும். அவ கூப்பிடறா. சாப்பிடாம வாங்கோ" என்றார். சாப்பிடாமல் வா என்று அந்த வீட்டிலிருந்து ஒருவர் கூப்பிட்டால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள். ஆனாலும் போனேன்.

அடுப்படியில் மாமி நின்றிருந்தார். மடிசார் கட்டிக்கொண்டு, வாயைச் சுற்றி ஒரு துணி கட்டிக்கொண்டு, சாதம் வடித்துக்கொண்டிருந்தார். மெலிந்துதான் இருந்தார், ஆனால் நடையில் ஒரு சுறுசுறுப்பு. என்னைப் பார்த்ததும் அவர் சொன்னது இந்தத் தடவை எனக்கே பாதி புரிந்தது. மீதியைச் சம்பத் சார் சொன்னார்.

"வாயில ஒண்ணுமே படறதில்லையே, எச்சிலுக்கே இடமில்லைங்கறா. வேளா வேளைக்குக் குழாய்ல விட்டுடறேன். சாப்பிடாத வாய்ல வடியறது வெறும் நீர்தானாம், அதுக்குத் துணி கட்டிண்டுடறா. கார்த்தால தீர்த்தமாடிட்டு உள்ள போனான்னா நாள் பூரா மடிதான். தளிகை, பெருமாள், எல்லாம் பழையபடி அவதான். இது இப்படி இருக்கும்னு மொதல்லயே யாரும் சொல்லலையேன்னு கேக்கறா."

நாங்கள் எல்லோரும் எதைப் பிடுங்கிவிடக் கூடாது என்று மல்லுக்கு நின்றோமோ, அது மாமிக்கு இரண்டாம் பட்சம். சாப்பிடுவதை அவர் எப்போதோ விட்டுக்கொடுத்துவிட்டார். சமைப்பதைத்தான் விடவில்லை. அவரிடம் உங்களுக்கு எது வேண்டும் என்று எங்களில் ஒருவரும் கேட்கவே இல்லை. என்ன சாப்பிடுகிறீர்கள், எவ்வளவு சாப்பிடுகிறீர்கள், இவ்வளவுதான் கேட்டோம்.

இலை போட்டு என்னை உட்கார வைத்தார்கள். சம்பத் சாரும் பக்கத்தில் உட்கார்ந்தார். சாதம், பருப்பு, சாத்தமுது, வாழைக்காய்க் கறியமுது. ருசி தெரியாதவர் சமைத்தது எப்படி இருக்குமோ என்று பயந்துகொண்டேதான் வாயில் வைத்தேன். சாத்தமுது என்று அவர்கள் சொல்கிற அந்த ரசத்தில் உப்பு, புளி, எல்லாம் அளவாக இருந்தது.

"பெருமாளுக்கு முன்னாடி ருசி பாக்கற வழக்கமே எங்காத்துல கிடையாதே. என்னிக்குமே அவ வாயில போட்டுப் பாத்துத் தளிகை பண்ணினதில்லை. அதான் கை தப்பலை" என்றார் சம்பத் சார்.

மாமி சற்றுத் தள்ளிச் சுவரில் சாய்ந்து நின்றார். என் கையைப் பார்க்கவில்லை, இலையைப் பார்க்கவில்லை. என் வாயைத்தான் பார்த்தார். நான் மென்றபோது துணிக்குள் அவர் தாடை அசைந்தது. நான் விழுங்கியபோது அவர் தொண்டையும் ஒரு தரம் ஏறி இறங்கியது. அதற்குப் பிறகு எனக்கு ஒரு கவளம்கூடச் சுலபமாக இறங்கவில்லை. மாமிக்குச் சொல்லிக் கொடுத்த மாதிரி முகவாயைத் தாழ்த்தித் தாழ்த்தி விழுங்கி, இலையில் போட்டது அத்தனையையும், அவர் பார்த்துக்கொண்டிருக்க, சாப்பிட்டு முடித்தேன்.